சீரகக் கசாயமும் கைக்கடிகாரமும்: பேற்றுவலி பார்க்கும் இரண்டு முறைகள்

நத்தம் பக்கத்துக் கிராமங்களில் நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி ராத்திரியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தால், முதலில் அடுப்புத்தான் எரியும். என் அப்பத்தா இரும்புச் சட்டியைக் காயவைத்து ஒரு கை சீரகத்தைப் போட்டு, கருகப்போகிற நேரம் வரைக்கும் வறுப்பார். தண்ணீரை ஊற்றியதும் சுர்ரென்று ஆவி கிளம்பி வீடு முழுக்க மணக்கும். ஒரு துண்டு கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, மூன்று டம்ளர் ஒன்றாகச் சுண்டியதும் இறக்கி, குடிக்கிற சூட்டில் கையில் கொடுப்பார். "குடி தாயி. சூட்டு வலின்னா அடங்கிரும். நெச வலின்னா கூடிரும். விடியிறதுக்குள்ள தெரிஞ்சிரும்."

அதே பெண் இன்று அரசு மருத்துவமனைக்குப் போனால், செவிலியர் அவளைப் படுக்கவைத்து வயிற்றின் மேல்பகுதியில் உள்ளங்கையைப் பதிப்பார். கண் மறு கையிலுள்ள கடிகாரத்தில் இருக்கும். பத்து நிமிடம் கையை எடுக்கமாட்டார். வயிறு கல்லாக இறுகும்போது நொடிகளை எண்ணத் தொடங்குவார், தளர்ந்ததும் நிறுத்துவார். பத்து நிமிடத்தில் எத்தனை முறை இறுகியது, ஒவ்வொன்றும் எத்தனை நொடி நின்றது என்று தாளில் எழுதுவார்.

கசாயமும் கடிகாரமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: பேறு தொடங்கிவிட்டதா? அந்தக் கேள்விக்கு இரு மரபுகளும் எப்படி விடை தேடின, எந்த இடத்தில் ஒன்றையொன்று தொட்டன, எந்த இடத்தில் பிரிந்தன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வீட்டுக்கு வந்து பேறு பார்த்த மருத்துவச்சியின் முறையை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு நகர்வது எளிது. ஆனால் வீட்டில் பெற்றுக்கொள்வதே இயற்கை என்று சொல்லும் குரல்கள் மறுபடி கேட்கும் காலம் இது. அவளுக்கு எது தெரிந்திருந்தது, எது எட்டவில்லை என்று விவரமாகச் சொன்னால்தான் அந்தக் குரல்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

இரு மரபுகளும் வந்த வழி

மருத்துவச்சி பெரும்பாலும் மருத்துவர் சமூகத்துப் பெண். மாமியார் பின்னால் போய்ப் போய் மருமகள் கற்றுக்கொண்ட தொழில். கூலி, நெல்லும் பழம்புடவையும் வெற்றிலை பாக்கும். ஊரில் நடுத்தர வயதில் இருந்த எல்லாரையும் அவள் கைதான் வெளியே எடுத்திருக்கும். ஒரு குடும்பத்துப் பெண்களுக்கு வலி எப்படி வரும், எவ்வளவு நேரம் இழுக்கும் என்பது மூன்று தலைமுறைக்கு அவள் நினைவில் இருந்தது.

ஆஸ்பத்திரி மரபும் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கியது. 1903இல் கர்சன் சீமாட்டி, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தர விக்டோரியா நினைவு நிதியை ஏற்படுத்தினார். ஆனால் இவை கிராமத்தை எட்ட வெகுகாலம் ஆயிற்று. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் அதற்கு வழி போட்டவர்களில் முதன்மையானவர் டாக்டர் சௌந்தரம். 1947இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவியபோது, ஒரு சிறிய பிரசவ நிலையமும் தொடங்கியது. அதுவே கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது.

அதன்பின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் செவிலியர்கள், டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி, 2008 முதல் 108 வண்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1998-99ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு மருத்துவமனைகளில் நடந்தன. 2019-21 கணக்கெடுப்பில் அது 99.6 சதவீதம். 2018-20இல் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு, இறந்த தாய்மார் இந்தியாவில் 97 பேர். தமிழ்நாட்டில் 54 பேர்.

நாள் கணக்கு

வலியைப் பார்க்குமுன் இருவரும் நாளைத்தான் கேட்டார்கள். "பத்து மாசம்" என்று நாம் சொல்வது 28 நாள் மாதம். பத்து மாதத்துக்கு 280 நாள். மருத்துவப் புத்தகம் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து ஒன்பது மாதம் ஏழு நாள் கூட்டச் சொல்கிறது. அதுவும் 280தான். கிழவியின் கணக்கும் டாக்டரின் கணக்கும் ஒரே நாளில் வந்து நிற்கின்றன.

ஆரம்ப நாளைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். தேதி எழுதிவைக்காத பெண்களுக்குத் திருவிழாதான் காலண்டர். "மாரியம்மன் பூக்குழிக்கு மறுநா தலைக்குத் தண்ணி ஊத்துனேன்" என்றால், நத்தத்தில் அது மாசித் திருவிழாவைக் குறிக்கும், கணக்கு பிசகாது. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, விலக்கு வருமுன்பே மறுபடி கர்ப்பமானவளுக்கு அந்தக் காலண்டர் உதவாது. அங்கே வயிற்றின் அளவைப் பார்த்து ஊகிப்பதைத் தவிர மருத்துவச்சிக்கு வேறு வழியில்லை. முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் சில நாள் வித்தியாசத்துக்குள் தேதியைச் சொல்லிவிடுகிறது.

இது சின்ன வேறுபாடாகத் தெரியலாம். எட்டாம் மாதம் தொடங்குமுன் ஒருத்திக்கு வலி வந்தால், கசாயம் கொடுத்து விடியும்வரை காத்திருப்பது பெரிய இழப்பு. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும். ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். குறைமாதம் என்று தெரிந்தால் மட்டுமே அந்த அவசரம் புரியும். அதனால்தான் வலி என்று வந்தவளிடம் செவிலியர் முதலில் கர்ப்பகால அட்டையை வாங்கித் தேதியைப் பார்க்கிறார்.

வயிறு இறங்குவது

"வயிறு இறங்கிருச்சு, இனி நாளில்ல" என்பது பெண்கள் எட்ட நின்றே சொல்லும் குறி. நடை அகன்றிருக்கும். மூச்சு சுலபமாக வரும். நெஞ்சு எரிச்சல் குறைந்து, சிறுநீருக்கு அடிக்கடி எழுவாள். குழந்தையின் தலை இடுப்புக் கூட்டுக்குள் இறங்கியதைத்தான் இவை காட்டுகின்றன. செவிலியர் அதையே அடிவயிற்றில் விரல்களை வைத்து, தலையில் ஐந்தில் எத்தனை பங்கு இன்னும் மேலே தட்டுப்படுகிறது என்று அளந்து எழுதுகிறார்.

தலைச்சன் பிள்ளைக்கு இந்த இறக்கம் வலிக்குச் சில வாரம் முன்பே வந்துவிடலாம். இரண்டாவது, மூன்றாவது பேற்றில் வலி எடுத்த பிறகுதான் தலை இறங்கும் பெண்கள் நிறைய. "இன்னும் இறங்கலையே" என்று நம்பிக் காத்திருந்தால், நாலைந்து பிள்ளை பெற்றவளுக்கு வழியிலேயே பிரசவம் ஆகிவிடும். பழுத்த மருத்துவச்சிக்கு இது தெரியும். மூத்த பிள்ளைக்கு ஒரு கணக்கும் இளையதற்கு ஒரு கணக்கும் வைத்திருந்தாள். தலைக்குப் பதிலாகப் பிட்டம் கீழே இருப்பதையும் மருத்துவச்சிகளில் சிலர் தொட்டே கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் அவர்கள் கை நின்றுபோனது.

வலி

கசாயச் சோதனைக்குள் நல்ல அறிவு இருக்கிறது. வெயிலில் களை எடுத்துவிட்டு, போதிய தண்ணீர் குடிக்காமல் படுத்தவளுக்குக் கர்ப்பப்பை சும்மா சும்மா இறுகும். நம் ஊரில் அதற்குச் சூட்டு வலி என்று பெயர். மருத்துவத்தில் 1872இல் இதை விவரித்த ஆங்கில மருத்துவரின் பெயரால் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் வலி என்பார்கள். வெதுவெதுப்பாக ஒரு டம்ளர் உள்ளே போய், நீர்வறட்சி தணிந்து, அவள் ஒரு மணி நேரம் ஒருக்களித்துப் படுத்தால் அது அடங்கிவிடும். நிஜப் பேற்றுவலி எதற்கும் அடங்காது. படுத்தாலும் நடந்தாலும் வெந்நீர் ஊற்றிக் குளித்தாலும் நெருங்கி நெருங்கி வரும். முதுகில் பிடித்து முன்பக்கம் வந்து கட்டும். நிலையை மாற்றிப் பார்ப்பது, காத்திருந்து பார்ப்பது என்ற இரண்டு விதிகளே கசாயத்துக்கும் செவிலியரின் சோதனைக்கும் அடிப்படை. சீரகம் அங்கே ஒரு கடிகாரமாகவும் இருந்தது. அது கொதித்து, ஆறி, குடித்து முடிய ஆகும் நேரம்தான் கவனித்துப் பார்க்கும் நேரம்.

செவிலியர் அதற்கு மேல் இரண்டு படி போகிறார். ஒன்று, எண்ணிக்கை. பத்து நிமிடத்தில் மூன்று முறை, ஒவ்வொன்றும் 40 நொடிக்கு மேல் என்றால் பேறு நன்றாக நடக்கிறது என்று கொள்வார். இரண்டு, கர்ப்பப்பை வாய். "ரெண்டு விரல்தான் திறந்திருக்கும்மா" என்று சொல்வது இதைத்தான். வலி பொய்யா மெய்யா என்ற வழக்கில் கடைசித் தீர்ப்பு அந்த வாய் திறந்துகொண்டே போகிறதா என்பதில் இருக்கிறது. மருத்துவச்சிகளிலும் உள்ளே கை விட்டுப் பார்த்தவர்கள் உண்டு. சோப்பும் கையுறையும் இல்லாத கை அது. வாய் திறப்பை அறியப் போன விரல் கிருமியையும் கொண்டுபோனது.

ஏட்டு அறிவும் இந்த இடத்தில் பொறுமையைக் கற்க வேண்டியிருந்தது. 1950களில் இமானுவேல் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் வரைந்த வளைகோட்டை ஒட்டி, மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது திறக்க வேண்டும் என்று உலகம் முழுக்க ஒரு விதி நிலைத்தது. திறக்காதவர்களுக்கு மருந்து ஏற்றினார்கள், கத்தி வைத்தார்கள். 2018இல் உலக சுகாதார நிறுவனம் அந்த விதியைக் கைவிட்டு, முழு வேகப் பேறு 5 சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது என்று மாற்றியது. "அவசரப்படாத, அதுவா வரும்" என்று திண்ணையில் வெற்றிலை மென்றபடி சொன்ன கிழவியின் பக்கம் ஏடு கொஞ்சம் நகர்ந்து வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2019-21இல் நூற்றுக்கு 44.9 பிரசவம் அறுவை சிகிச்சையில் முடிந்த நிலையில், அந்த நகர்வை நாம் மனதில் வைக்க வேண்டும்.

கறையும் தண்ணீரும்

சளிபோல் கொழகொழவென்று, லேசாகச் சிவப்புக் கலந்து கறை பட்டால் நாள் நெருங்கிவிட்டது என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. கர்ப்பப்பை வாயை அடைத்திருந்த சளி கழன்று வருவதே அது. பனிக்குடம் உடைவதும் யாருக்கும் தெரியும் குறிதான். ஆனால் இங்கிருந்து இரண்டு மரபுகளும் விலகத் தொடங்குகின்றன.

தண்ணீர் தெளிவாகப் போகிறதா, பச்சையாகப் போகிறதா என்று செவிலியர் பார்க்கிறார். பச்சை என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. திணறலின் அடையாளமாக இருக்கலாம். தண்ணீரோடு தொப்புள்கொடி முன்னால் வந்து விழுந்தால் நிமிடக் கணக்கில் முடிவெடுக்க வேண்டும். குடம் உடைந்தும் வலி வராவிட்டால், நேரம் ஆக ஆகக் கிருமி ஏறும். வீட்டில் இதற்குக் கசாயமும் காத்திருப்பும்தான் மருந்தாக இருந்தன.

எல்லாவற்றிலும் கொடியது வலியே இல்லாமல் பளிச்சென்று படும் சிவப்பு ரத்தம். வலி இல்லாததால் வீட்டார் பயப்படமாட்டார்கள். நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பதன் குறியாக அது இருக்கலாம். அந்த நிலையில் உள்ளே ஒரு விரல் பட்டாலே ரத்தம் மடை திறந்ததுபோல் போகும். நஞ்சு இருக்கும் இடத்தை ஸ்கேன் முன்பே சொல்லிவிடுகிறது. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இதைக் கையால் அறிய முடியாது.

ஜன்னி என்ற ஒரு சொல்

மருத்துவச்சி காலத்துக் குடும்பங்களில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: "பிள்ளை பெத்தா, ஜன்னி கண்டுச்சு, போயிட்டா." இந்தச் சொல்லை நான் இந்த ஒப்பாய்வின் நடுவில் வைக்கிறேன். ஜன்னி என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வெவ்வேறு சாவுகள் இருந்தன. ஒன்று, அழுக்குக் கையாலும் துணியாலும் ஏறிய கிருமியால் காய்ச்சல் மிஞ்சிப் பிதற்றிச் சாவது. மற்றது, ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்து சாவது. முன்னதற்குக் கிருமிக்கொல்லி மருந்து வேண்டும். பின்னதற்கு மக்னீசியம் சல்ஃபேட்டும் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தும் வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததால் இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தது. பிரித்துப் பார்க்கக் கருவி வந்த பிறகுதான் தனித்தனி வைத்தியம் வந்தது.

அந்தக் கருவி பெரிய இயந்திரமும் இல்லை. கையில் சுற்றும் பட்டை ஒன்று. அழுத்தம் 140க்கு 90ஐத் தொட்டால் எச்சரிக்கை. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் ஆகியவற்றை ஊரில் பேய்க்காற்று என்றோ பித்தம் என்றோ சொன்னார்கள். இவை பேற்றுக்கு முந்தைய அறிகுறிகள்தான். பேறு நன்றாக நடக்கும் என்று சொல்லும் அறிகுறிகள் அல்ல. அதேபோல் குழந்தையின் இதயத் துடிப்பு. நிமிடத்துக்கு 110க்கும் 160க்கும் இடையே இருக்கவேண்டியதை, வலி ஏறிய நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறையும், முக்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் கேட்டாக வேண்டும். மருத்துவச்சியிடம் துடிப்பைக் கேட்கும் கருவி இல்லை. அசைவைத்தான் கேட்டாள்: "புள்ள புரளுதா?" அந்தக் கேள்வியை இன்றும் கேட்கத்தான் வேண்டும். அசைவு குறைந்தால் கிளம்பிவிட வேண்டும்.

பக்கத்தில் இருந்த ஆள்

ஒப்பிடும்போது மருத்துவச்சி ஓங்கி நிற்கும் இடமும் உண்டு. வலி எடுத்ததிலிருந்து நஞ்சு விழும்வரை அவள் எழுந்து போகமாட்டாள். முதுகை நீவுவாள். விளக்கெண்ணெய் தடவுவாள். உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தச் சொல்வாள். முகம் தெரிந்தவள், தாயி என்று கூப்பிடுகிறவள். ஆஸ்பத்திரியில் பலருக்குக் கிடைத்தது வேறு: ஆள் மாறி ஆள், கத்தினால் அதட்டல், கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்ற கட்டளை.

பக்கத்தில் ஆள் இருப்பது ஆறுதல் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பல நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த சோதனைகளை 2017இல் தொகுத்துப் பார்த்தார்கள். பேறு முழுக்க ஒருவர் கூடவே இருந்த பெண்களுக்கு அறுவை சிகிச்சை குறைந்திருந்தது; பேற்று நேரமும் குறைந்திருந்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை அனுமதிக்கும் திட்டம் உண்டு. அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. மருத்துவச்சி விட்டுப்போன நல்ல பாதி அதில்தான் உயிரோடிருக்கிறது.

வழி

இரண்டு மரபுகளையும் பிரிக்கும் கடைசிக் கோடு சாலை. லிங்கவாடி ஊராட்சியில் கரந்தமலை மேல் இருக்கும் மலையூருக்குத் தேர்தல் நேரத்தில் ஓட்டு இயந்திரங்கள் குதிரை மேல் போயின. அங்கிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அப்படி ஒரு ஊரில் "நெச வலிதான்" என்று சரியாகச் சொல்லிவிட்டால் மட்டும் என்ன பயன்? சொன்ன பிறகு இறங்க வழி வேண்டும். பழங்குடி மலைப்பகுதிச் சுகாதார நிலையங்களில் நாளுக்கு முன்பே வந்து தங்கும் காத்திருப்பு அறைகளை அரசு வைத்தது இதனால்தான். நத்தம் டவுனில் இருப்பவருக்கே திண்டுக்கல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மதுரை ராஜாஜி மருத்துவமனையோ ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

செவிலியர் கையிலுள்ள பேறு வரைபடத் தாளின் கதையும் இதையே சொல்கிறது. 1972இல் இன்றைய ஜிம்பாப்வேயில் ஃபில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள் அதைச் செம்மைப்படுத்தினார்கள். தூரத்துக் கிளினிக்கில் இருக்கும் மருத்துவச்சிகள் எந்த நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகவே அதில் எச்சரிக்கைக் கோடு ஒன்றும், நான்கு மணி நேரம் தள்ளிச் செயல் கோடு ஒன்றும் வரைந்தார்கள். இடையிலுள்ள நான்கு மணி நேரம், பயணத்துக்கான நேரம்.

வழி இருக்கும் நாட்டையும் பார்க்கலாம். இங்கிலாந்தில் இன்றும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளோடு வீட்டில் பெறுகிறார்கள். அங்கே ஆபத்துக் குறைவான 64,000க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்த முடிவுகள் 2011இல் வெளியாயின. வீட்டில் தொடங்கிய தலைச்சன் பேறுகளில் 45 சதவீதம் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டன. குழந்தைக்குப் பெரிய பாதிப்பு ஆயிரத்துக்கு 9.3, ஆஸ்பத்திரியில் தொடங்கியவர்களுக்கு 5.3. இரண்டாவது, அதற்கு மேற்பட்ட பேறுகளில் இந்த வித்தியாசம் தென்படவில்லை. பொறுக்கி எடுத்த பெண்கள், கையில் கருவி, தயாராக நிற்கும் வண்டி எல்லாம் இருந்த நாட்டின் கணக்கு இது.

மூன்றாவதாக வந்தது

2018 ஜூலையில் திருப்பூரில் வீடியோ பார்த்துக் கணவரும் நண்பர்களும் வீட்டில் பிரசவம் பார்த்ததில், ஒரு இளம் ஆசிரியை ரத்தப்போக்கால் இறந்தார். 2024 நவம்பரில் குன்றத்தூரில் வாட்ஸ்அப் குழுவை நம்பி ஒரு கணவர் பிரசவம் பார்த்த செய்தி வந்தபோது, அந்தக் குழுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தது தெரிந்தது. இவர்கள் பாட்டி வழி என்று சொல்கிறார்கள். பாட்டி வழியில் நூறு பிள்ளை எடுத்த ஒரு கை இருந்தது. செவிலியர் வழியில் அளவும் மருந்தும் வண்டியும் இருக்கின்றன. செல்போனை வைத்துக்கொண்டு நிற்கும் கணவரிடம் இரண்டில் எதுவும் இல்லை. நஞ்சு விழுந்த பின் ரத்தம் நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடலாம். குழந்தை பிறந்த உடனே போடும் ஒரு ஆக்சிடோசின் ஊசி பெரும்பாலும் அதைத் தடுக்கிறது.

பேறு தொடங்கியதைக் கண்டுகொள்வதில் மருத்துவச்சி பெரிதும் தேர்ந்திருந்தாள். பேறு கெடுவதைக் கண்டுகொள்ளவும், கண்ட பின் காப்பாற்றவும் அவளுக்குக் கருவியும் மருந்தும் சாலையும் வாய்க்கவில்லை. அவளோடு வாழ்ந்த நம் பாட்டிமார் அதற்குக் கொடுத்த விலைதான் அந்த ஜன்னிக் கதைகள்.

நிறைமாத வீட்டில் சீரகத்தை வறுக்கலாம். கணக்குப்படி முழு மாதமாகி, ரத்தமும் படாமல், குடமும் உடையாமல், பிள்ளையும் நன்றாகப் புரண்டால், ஒரு டம்ளர் கசாயம் குடித்து ஒரு மணி நேரம் பார்க்கலாம். நாள் குறைவு, சிவப்பு ரத்தம், குடம் உடைவு, அசைவுக் குறைவு, தலைவலியோடு கண் மங்கல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். அட்டையையும் துணிப்பையையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகை நீவிவிடத் தெரிந்த ஒரு மூத்தவளையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.